முதலில் கிளம்பியவள்

பிப்ரவரி 8, ஞாயிறு

எங்கள் கல்லூரி விடுதி அறையில் பக்கெட் இல்லை. கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, சுவரில் போன வருஷத்துக் காலண்டர் முருகன் இருக்கிறார். பக்கெட் மட்டும் இல்லை. உதவி வார்டன் அறை என்று இதற்குப் பெயர். உதவி வார்டன் என்று யாரும் இல்லாததால், தேர்வு வேலைக்கு வந்து தங்குகிற ஆசிரியைகளுக்குத் திறந்துவிடுகிறார்கள். நாளைக்கும் மறுநாளும் இயற்பியல் செய்முறைத் தேர்வு. உடுமலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து அரக்கப்பரக்க தாராபுரம் வருவதற்குப் பதிலாக, இரண்டு செட் துணியை எடுத்துக்கொண்டு சாயங்காலமே கிளம்பி வந்துவிட்டேன். அவர்தான் வண்டியில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். சன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார்.

பையைப் பிரிப்பதற்குள் போன். மாமியார். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு, வெள்ளகோவிலிலிருந்து அண்ணன். இரண்டு ஊருக்கும் நடுவில் தாராபுரம் இருப்பதால் இரண்டு பக்கத்துச் சத்தமும் எனக்கு ஒன்றாகவே வந்து சேர்கிறது போலிருக்கிறது.

மாமியார் சொன்னது: "வாணி பையைத் தூக்கிக்கிட்டு வந்துருச்சு. உன்ற அண்ணன் அனுப்பிட்டானா, அவளா வந்தாளா, வாயத் தொறக்க மாட்டீங்குது."

அண்ணன் சொன்னது: "உன்னைய பையோட பஸ் ஏத்தி அனுப்பிட்டாங்களாமா? பாத்தவங்க சொன்னாங்க. எத்தன தைரியம் அவங்களுக்கு?"

தேர்வு வேலைக்கு வந்தேன் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை.

பிப்ரவரி 10

தேர்வு முடிந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றின் திருகு கழன்றுவிட்டது. ஊருக்குக் கிளம்பட்டுமா என்று அவரைக் கேட்டேன். "ரெண்டு நாள் இருந்துட்டு வா சுகந்தி, இங்க கொஞ்சம் சூடா இருக்குது," என்றார். வெயிலைச் சொல்லவில்லை.

பக்கெட் வாங்கினேன். நீல நிறம்.

பிப்ரவரி 13

இது புரிய வேண்டுமென்றால் எங்கள் கல்யாணம் புரிய வேண்டும். நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள். என் அண்ணன் பூபதிக்கு வாணியைக் கட்டினார்கள். வாணியின் அண்ணன் தனபாலுக்கு என்னைக் கட்டினார்கள். நாலு வருஷம் முன்பு, ஒரே மண்டபம், இரண்டு மணவறை. எந்த வீடும் முதலில் கொடுத்ததாகவோ முதலில் வாங்கியதாகவோ ஆகிவிடக் கூடாது என்பதால் இரண்டு தாலியும் ஒரே நொடியில் ஏற வேண்டும் என்று பேச்சு. இரண்டு வீட்டுக்கும் உறவான பொன்னுசாமி மாமா இரண்டு மணவறைக்கும் சரியாக நடுவில் நின்று துண்டைத் தாழ்த்தினார். கெட்டிமேளம் ஒன்றுதான். முறைப்படி வாணி என் அண்ணன் மனைவி, நான் அவள் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். அவள் என்னை நங்கை என்பாள். அவள் என்னைவிட ஐந்து வயது சிறியவள் என்பதால் நான் பெயர் சொல்லிவிடுவேன்.

ஒரு பெண் வீடு திரும்பினால் இன்னொருத்தியும் திரும்ப வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். திரும்ப அழைப்பதற்கும் வழி உண்டு. எந்த வீடு முதலில் பெண்ணை வெளியே அனுப்பியதோ, அந்த வீடு தட்டில் பழம் வைத்துக்கொண்டு இறங்கி வர வேண்டும். ஆக, இப்போது உடுமலைக்கும் வெள்ளகோவிலுக்கும் ஒரே கேள்விதான். முதலில் கிளம்பியது யார், நானா, வாணியா?

நான் அஞ்சு மணி பஸ் ஏறினேன். வாணியும் ஏறத்தாழ அதே நேரத்தில் வெள்ளகோவிலில் பஸ் ஏறியிருக்கிறாள். அண்ணன் நான்தான் முதல் என்கிறான். மாமியார் வாணிதான் முதல் என்கிறார். இருவரில் யாரும் பஸ் ஸ்டாண்டில் இல்லை.

வாணி என் மாமியார் வீட்டில் இருக்கும்வரை நான் அங்கே போக முடியாது. என் அறை, என் கட்டில், மாடிப்படிக்கு அடியில் என் செருப்பு எல்லாம் அங்கே. வெள்ளகோவிலுக்கு, அம்மாவிடம் போகலாம். பஸ் சரியில்லை. இங்கேயே இருக்கிறேன்.

பிப்ரவரி 17

முதலாமாண்டு வகுப்பு, சிறப்புச் சார்பியல். ஒரு நீளமான ரயில், அதன் இரண்டு முனையிலும் மின்னல் விழுகிறது. இரண்டு மின்னலுக்கும் நட்டநடுவில் பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கு இரண்டு வெளிச்சமும் ஒன்றாக வந்து சேர்கிறது. ஆகவே ஒரே நேரத்தில் விழுந்தன என்கிறான். ரயிலின் நடுவில் உட்கார்ந்திருப்பவளோ ரயிலோடு சேர்ந்து முன்பக்க மின்னல் விழுந்த இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்பக்க வெளிச்சம் முந்தி வருகிறது. ஒளியின் வேகம் அவளுக்கும் அதே வேகம்தான், இரண்டு முனையும் அவளுக்குச் சம தூரம்தான். எனவே முன்பக்க மின்னல்தான் முதலில் விழுந்தது என்கிறாள்.

நஸ்ரின் எழுந்தாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு நஸ்ரின் எழுவாள். "லேட்டா பாத்ததுதானே மேம் வித்தியாசம்? வெளிச்சம் வர்ற நேரத்தைக் கழிச்சிட்டா ரெண்டு பேருக்கும் ஒண்ணாயிடும்ல?"

ஆகாது என்றேன். கழித்த பிறகும் வித்தியாசம் இருக்கும். பார்ப்பதில் வந்த கோளாறு இல்லை, 'ஒரே நேரம்' என்பதே அவ்வளவுதான்.

"அப்ப யாரு மேம் கரெக்ட்?"

"ரெண்டு பேரும்."

"அது எப்படி மேம்? ஒருத்தராவது தப்பா இருக்கணும்ல?"

பிளாட்பாரம் உசத்தி, ரயில் மட்டம் என்று யார் சொன்னது என்று கேட்டேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து நாளில் முதல் சிரிப்பு என்று பிறகு தோன்றியது.

பிப்ரவரி 20

அவர் போன் இல்லை. தேங்காய் லோடு நாளாக இருக்கும்.

பிப்ரவரி 23

பொன்னுசாமி மாமா விடுதிக்கு வந்தார். பார்வையாளர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, ஒரு தாளை மடித்து விசிறிக்கொண்டார். மின்சாரம் இல்லை.

"கண்ணு, நீ படிச்ச புள்ள. உள்ளதச் சொல்லு. நீ கெளம்புனப்போ வாணி கெளம்பிட்டாளா, இல்லியா?"

"எனக்குத் தெரியாதுங்க மாமா. நான் பரீட்சை வேலைக்குத்தானுங்க வந்தேன்."

"அது இருக்கட்டும். கெளம்புனப்ப மணி என்ன?"

மாமாவிடம் கொஞ்சம் பொறுமையாகவே சொல்லிப் பார்த்தேன். நான் கிளம்பியபோது வாணி கிளம்பிய சேதி எனக்கு வரவில்லை. அவள் கிளம்பியபோது என் சேதி அவளுக்குப் போகவில்லை. இரண்டு ஊருக்கும் சேதி போய்ச் சேர்ந்தது இருட்டிய பிறகு. ஒரு சேதியும் எட்டாத இரண்டு காரியத்தில், இதனால் அது என்று சொல்லவே முடியாது. முதல், இரண்டாவது என்று வைத்துக்கொள்வது நாம் எந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நியாயமாகப் பார்த்தால் இதைப் பாடத்தோடு சேர்க்க எனக்கு வாய் வரக்கூடாது. உடுமலையிலிருந்து வெள்ளகோவிலுக்கு ஒளி போக இமைப்பொழுதுகூட ஆகாது. ஆனால் எங்கள் வீட்டுச் சேதி ஒளியின் வேகத்தில் போகவில்லை. சொந்தக்காரர்கள் வாய் வழியாகத்தான் போனது.

மாமா தலையை ஆட்டினார். "புரியுது கண்ணு. ரெண்டு பேரும் அவங்கவங்க சோலியாக் கெளம்புனாங்கன்னு சொல்ற. உன்ற சோலி பரீட்சை. வாணிக்கு என்ன சோலி?"

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். மாமா மோர் கேட்டார். மெஸ்ஸில் மோர் தீர்ந்துவிட்டிருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை விடுதி பயங்கரமாக இருக்கிறது. பெண்கள் தலைக்குக் குளித்து, மொட்டை மாடியில் முடி உலர்த்திக்கொண்டு, ஒரே போனில் நாலு பேர் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். உட்காருங்கள் என்றால் உட்கார்ந்து, அப்புறம் சிரிக்காமல் இருக்கிறார்கள். கீழே வந்துவிட்டேன்.

அவர் பேசினார். தென்னைக்கு வண்டு விழுந்திருக்கிறதாம். மருந்து வைத்திருக்கிறாராம். காய்க்கு விலை இல்லையாம். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். நீங்கள் எப்போது வந்து கூட்டிப்போவீர்கள் என்று நான் கேட்கவில்லை. பின்னால் மாமியாரின் குரல் கேட்டதும், "சரி, வெக்கட்டுமா?" என்றார்.

பிறகு போன பொங்கலை நினைத்துக்கொண்டேன். எல்லோரும் வெள்ளகோவிலில் கூடியிருந்தோம். அடுப்புப் பக்கம் வேகிற சூட்டில் வாணி மட்டும் மணிக்கட்டு வரை நீளக் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். புது மோஸ்தர், இப்போது எல்லோரும் அப்படித்தான் தைக்கிறார்கள். நான் கூப்பிட்டது இரண்டு மூன்று முறை அவளுக்குக் காதில் விழவில்லை. சளி பிடித்து அடைத்திருக்கிறது என்றாள். சளிக்கு அம்மா துளசி போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார்.

இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

மார்ச் 6

அண்ணன் போன். ஒரு மணி நேரம். அவனுக்குக் கோபம் சட்டென்று வரும், மனசு தங்கம். எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவன் அவன். மழையில் என் புத்தகப் பையைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நனைந்து வந்தவன் அவன்.

"அவ மொதல்ல பையத் தூக்குனா சுகந்தி. 'நான் போறேன்'னு தூக்குனா. அதுக்கப்பறந்தான் நான் கையை நீட்டுனேன். நீயே சொல்லு, போறேங்கற பொம்பளைய யாரு சும்மா உடுவாங்க?"

அவன் அழுதான். அவன் அழுதால் எனக்குத் தாங்காது.

மார்ச் 11

சார்பியல், மூன்றாவது வகுப்பு. நஸ்ரின் மறுபடி. "அப்படின்னா மேம், வேகமா போறவங்களுக்கு எல்லாமே மாறிடுமா? நான் பொறந்தது முன்னாடி, எங்கம்மா பொறந்தது பின்னாடின்னு ஆயிடுமா?"

வகுப்பே சிரித்தது. நல்ல கேள்வி என்றேன், உண்மையாகவே நல்ல கேள்விதான். ஒரு நிகழ்ச்சியிலிருந்து கிளம்பிய ஒளி, இன்னொன்று நடப்பதற்குள் அந்த இடத்தை எட்டிவிட முடியுமென்றால், அந்த இரண்டின் வரிசை யாருக்கும் மாறாது. எவ்வளவு வேகமாகப் போனாலும், எந்த ரயிலில் உட்கார்ந்து பார்த்தாலும். ஒளிகூட எட்ட முடியாத தூரத்தில் நடப்பவற்றுக்குத்தான் வரிசை ஆளுக்கு ஆள் மாறும். காரணம் எப்போதும் காரியத்துக்கு முன்னால்தான்.

"அப்ப ஒரே எடத்துல அடுத்தடுத்து நடந்தா மேம்?"

"ஒரே இடம்னா சந்தேகமே இல்லை. எது முன்னால, எது பின்னாலங்கறது எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டேன். சாக்பீஸ் உடைந்தது. மீதி வகுப்பை எப்படி நடத்தினேன் என்று நினைவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வாணி வந்தாள். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என் அறையில் நாற்காலி ஒன்றுதான். அவளை அதில் உட்கார வைத்து நான் கட்டிலில் உட்கார்ந்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது காது என் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். ஐப்பசியில் ஒரு நாள், குழம்பில் உப்பு. ஒரே அறைதான், காதோடு சேர்த்து. அன்றைக்கு விசில் மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். பிறகு அந்தச் சத்தமும் வரவில்லையாம். காது டாக்டர், ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, எப்படி ஆனது என்று கேட்டாராம். படியில் விழுந்தேன் என்றாளாம்.

"அன்னிக்கு, நான் இங்க வந்த அன்னிக்கு, என்னாச்சு வாணி?"

"அன்னிக்கும் அடிதானுங்க நங்கை. இந்தப் பக்கத்துக் காதுலயும் கை பட்டுச்சு. இதுவும் போயிருமோன்னு பயந்துட்டன். அப்பறந்தான் பையை எடுத்தேன்."

அப்புறம் அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். "எங்கம்மாட்ட நான் இதச் சொல்லலைங்க. அம்மா தெனமும் சொல்லுது, உன்னால சுகந்தி அநாதையாட்டம் ஆஸ்டல்ல கெடக்கறான்னு. அண்ணன் சரியாச் சாப்புடறதில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போறேன். நான் போனாத்தான் நீங்க ஊட்டுக்கு வர முடியும்."

போகாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "டீ சாப்பிடறியா?"

மார்ச் 16

துணி துவைத்தேன்.

மார்ச் 17

அடி விழுந்தது. பிறகு அவள் பையை எடுத்தாள். இரண்டும் நடந்தது ஒரே அறையில். அண்ணன் இந்த வரிசையை மாற்றிச் சொல்கிறான். மாற்ற முடியாது. என் அண்ணன் பொய் சொல்கிறான்.

எழுதிவிட்டேன்.

மார்ச் 29

சமாதானம் ஆகிவிட்டது. பொன்னுசாமி மாமா கெட்டிக்காரர். முதல் யார் என்று முடிவு பண்ண முடியாததால் யாரும் முதல் இல்லை என்று தீர்த்துவிட்டார். தட்டு, பழம் எதுவும் வேண்டாம். சித்திரை பிறந்த அடுத்த ஞாயிறு, நல்ல நேரத்தில், நான் உடுமலை வீட்டு வாசற்படியையும் வாணி வெள்ளகோவில் வீட்டு வாசற்படியையும் ஒரே நேரத்தில் மிதிக்க வேண்டும். இரண்டு பக்கமும் வீடியோ காலில் பார்த்துக்கொள்வார்கள். அண்ணன், உடுமலைக்குத் தெரியாமல் மாமா முன்னால் மட்டும், கோயிலில் கற்பூரம் அடித்து, இனிக் கை நீட்டுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறானாம். மூன்றாவது சத்தியம் என்று வாணி சொன்னாள்.

அவர் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "மாடிப்படிக்கு லைட்டு மாத்திட்டன். நீ வர்றப்ப இருட்டா இருக்கக் கூடாதில்ல."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன். கடைவீதிக்குப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்தேன். கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே மடித்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5

அம்மாவிடம் போனில் சொன்னேன், வாணியின் காதைப் பற்றி. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. "அதையெல்லாம் இப்பக் கெளறாத சாமி. உன்ற வாழ்க்கையும் அதுலதான் தொங்குது."

மாமாவிடம் சொன்னேன். "சத்தியம் வாங்கிட்டமில்ல கண்ணு," என்றார். அப்புறம், "பேசி முடிச்சதை ஒடைக்காத," என்றார்.

வாணியிடம் சொன்னேன், நீ போக வேண்டாம் என்று. இம்முறை டீ எல்லாம் கேட்கவில்லை. "நான் போகலீன்னா நீங்க என்ன பண்ணுவீங்க நங்கை?" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "எங்கம்மா மொகத்தப் பாக்க முடியலீங்க. நீங்க அடியெடுத்து வெச்சா நானும் வெச்சிருவேன்," என்றாள்.

அவரிடம் சொல்ல வேண்டும். தங்கைக்கு அடி விழுந்ததை அண்ணனிடம் சொல்வதில் என்ன கஷ்டம்? ஆனால் அடித்தது என் அண்ணன். அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஏப்ரல் 9

சொல்லவில்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மெஸ்ஸில் மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ இல்லாமல். விடுதி காலி. காவலாளியும் நானும் ஒரு பூனையும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

முழுக்க எழுதிவிட வேண்டும்.

பொன்னுசாமி மாமாவும் அம்மாவும் காரில் வந்து என்னை அழைத்துப்போனார்கள். உடுமலை வாசலில் கோலம். மாமியார் ஆரத்தித் தட்டோடு படிக்கு உள்பக்கம். பக்கத்தில் அவர், புது வேட்டி, வெட்டிய முடி. மாமனார் வாணியைக் கூட்டிக்கொண்டு வெள்ளகோவில் போயிருந்தார். மாமா போனைக் கையில் தூக்கிப் பிடித்தார். திரையில் எங்கள் வீட்டு வாசல், அண்ணன், வாணி.

"அங்க ரெடியா?" என்றார் மாமா.

"நாங்க அப்பவே ரெடி. நீங்கதான் லேட்டு," என்றான் அண்ணன். அவன் உதடு அசைந்து கொஞ்சம் கழித்துத்தான் குரல் வந்தது. சிக்னல் சரியில்லை. இதை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்திலும் எனக்குச் சிரிப்பு வரும்.

"மூணு எண்ணுவேன். ரெண்டு பேரும் வலது கால வெக்கோணும்," என்றார் மாமா. எண்ணினார்.

வாணி அவள் வாசற்படியைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

நான் வைக்கவில்லை.

"கண்ணு, மூணு சொல்லிட்டன்."

படிக்கு அந்தப் பக்கம் மாடிப்படி தெரிந்தது. பட்டப்பகலில் புது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர்தான் போட்டு வைத்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்குள் போக எனக்கு எவ்வளவு ஆசை என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. கால் தானாகப் போய்விடுமோ என்று பயந்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

"என்ன அங்க? அவ உள்ள போயிட்டாளா இல்லியா?" அண்ணன் குரல்.

"கால எடுத்து வை சாமி, கற்பூரம் அணையுது," என்றார் மாமியார்.

"இல்லீங்க அத்தை. நான் வெச்சா வாணியும் வெக்கோணும்."

"அதுக்குத்தானே இத்தன ஏற்பாடு?"

"வாணிக்கு எடது காது கேக்கறதில்லீங்க அத்தை. சளியில்லீங்க. என்ற அண்ணன் அடிச்சது. இன்னொரு காதும் போயிரும்னு பயந்துதான் அன்னிக்கு உங்ககிட்ட வந்தா."

அம்மா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார். மாமா போனைத் தாழ்த்தினார். நான் அதை வாங்கி மறுபடி உயர்த்திப் பிடித்தேன். வாணியின் முகம் திரையில் அப்படியே நின்றிருந்தது. சிக்னலா, அவளேவா, தெரியவில்லை.

மாமியார் தட்டைத் தரையில் வைத்தார். என் கையிலிருந்து போனை வாங்கினார். இத்தனை நாள் மகளை அனுப்பத் துடித்த மனுஷி. அவர் குரல் உடைந்து போயிருந்தது. "வாணி. வாணீ. அம்மா பேசறேன். வலது காதுல வெச்சுக் கேளு. உள்ள போகாத. உங்கப்பனக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்துரு சாமி."

அந்தப் பக்கம் அண்ணன் கத்துவது கேட்டது. பிறகு அழைப்பு அறுந்தது.

அதற்கப்புறம் யாரும் என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. வாணி வரும் வீட்டில் நான் எப்படி? எல்லோரும் முறையை யோசித்துக்கொண்டு நின்றார்கள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவர் அம்மாவைப் பார்த்தார். மாமியார் படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தைதான், 'வா' என்று. அவர் வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

பையை எடுத்துக்கொண்டேன். அவர் ஓடி வந்து வாங்கிக்கொண்டு, வண்டியில் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்," என்றார். சொல்லியிருக்கலாம். அம்மா எனக்கு முன்பே மாமாவின் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்.

ஏப்ரல் 20

அண்ணன் என் எண்ணைத் தடுத்துவிட்டான் போலிருக்கிறது. புடவையைத் துவைக்காமல் மடித்து வைத்தேன். ஒரு தடவை உடுத்தியதுதானே.

ஏப்ரல் 24

வாணி போன். காதுக்கு ஆபரேஷன் செய்தால் சரியாக வாய்ப்பு இருக்கிறதாம், கோயம்புத்தூர் டாக்டர் சொன்னாராம். மாமியார் கூடப் போயிருக்கிறார். "நங்கை, அம்மா உங்களப் பத்தியே பேசிக்கிட்டிருக்குது," என்றாள். என்ன பேசுகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எவ்வளவு ஆசை.

ஏப்ரல் 30

கல்லூரி மூடியாயிற்று. விடைத்தாள் திருத்த இங்கேயே இருக்க அனுமதி வாங்கிக்கொண்டேன். முப்பத்தெட்டு பேர் ரயில் படம் போட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு ரயில் பிளாட்பாரத்தின் மேலேயே ஓடுகிறது.

மத்தியானம் அவர் பேசினார். பின்னால் தேங்காய் உரிக்கும் சத்தம்.

"சுகந்தி. அம்மா கேக்கச் சொல்லுச்சு, நீ எப்ப வர்றேன்னு. வாணி இங்க இருந்தா இருக்கட்டும், நீயும் வான்னு சொல்லுச்சு. யாரு என்ன பேசுனாலும் பேசட்டுமாம்."

அத்தைக்கு அது எத்தனை பெரிய வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

"நீங்க என்னங்க சொல்றீங்க?"

"நானும் அதத்தான் சொல்றேன். வா."

"வரச் சொல்லோணும்னு உங்களுக்கு அத்தை சொல்றதுக்கு முன்னாடியே தோணுச்சுங்களா, சொன்ன பின்னாடி தோணுச்சுங்களா?"

தேங்காய் உரிக்கும் சத்தம் நின்றது. யாரையோ கை காட்டி நிறுத்தச் சொல்லியிருப்பார்.

"பின்னாடிதான்," என்றார்.

"சரிங்க. இன்னுங் கொஞ்ச நாள் போகட்டுங்க."

"கோவமா?"

"இல்லீங்க. நெசமாலுமே இல்லீங்க."

போனை வைத்துவிட்டு நிறைய நேரம் அழுதேன். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கே கிளம்பியிருப்பேன்.